அவரால் எழுந்து போக முடிந்ததா?

அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் 36 வயதுப் பெண்மணி எனக்கு ஒன்பது பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மகன் ஓயாமல் நோயில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்து வீட்டுத் தோழி அழைத்ததன்பேரில் கொளத்தூரில் ஒரு சிறிய சபைக்குப் போகத் தொடங்கினார். பிறகு ஞானஸ்நானம் பெற்றார். கணவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. "பல வருடங்களுக்குப் பிறகு இரவில் தூங்கினேன்" என்று எழுதுகிறார். அந்த நிம்மதியை எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அன்றே தொற்றிக்கொண்டது. கைப்பையில் எப்போதும் கைப்பிரதிகள், அதாவது மதப் பிரசாரத் துண்டுத்தாள்கள், இருக்கும். மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் கொடுப்பார், அலுவலகத்தில் மதிய உணவு மேசையிலும் கொடுப்பார். மாலையில் வீட்டில் பதினொரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். அதை ஜெபத்தோடுதான் தொடங்குவார். இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

அலுவலகத்தில் ஆறு வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழியின் அப்பா மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இவர் பார்க்கப் போனார். தோழி மருந்து வாங்கக் கீழே இறங்கிய பத்து நிமிடத்தில், பெரியவரின் நெற்றியில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். "இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள் ஐயா, நாளை நம் கையில் இல்லை" என்றார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் இறந்துபோனார். தோழி இப்போது பேசுவதில்லை. நிறுவனத்துக்கு அவர் எழுதிய புகாரில், "அப்பாவின் நெற்றியில் நான் பூசியிருந்த திருநீறு அழிந்திருந்தது" என்று ஒரு வரி இருக்கிறதாம். மனிதவளப் பிரிவு எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறது.

வீட்டிலும் ஒரு கதை. அம்மா கண் மருத்துவமனைக்குப் போயிருந்த நாளில், அவர் கும்பிடும் மாங்காட்டு அம்மன் படத்தை இவர் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதங்கள் ஆகின்றன.

கேள்விகள் மூன்று. மதத்தைப் பரப்பச் சட்டமே உரிமை தந்திருக்கும்போது நிறுவனம் எப்படித் தடுக்கலாம்? சத்தியத்தைச் சொன்னால் உலகம் பகைக்கும் என்று போதகர் சொல்கிறாரே, இது அதுதானா? நான் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் கேட்காமலே செத்துப்போனால் அந்த இரத்தப்பழி என்மேல் வராதா?

சகோதரி,

உங்கள் சபையில் இப்படித்தான் அழைப்பார்கள். எனக்கும் உங்கள் வயதில் ஒரு தங்கை இருப்பதால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். விசுவாசத்தை விட்டுவிடுங்கள் என்றோ, மனத்துக்குள் பூட்டி வையுங்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஒருவருக்கு நல்லது கிடைத்தால் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லத் தோன்றுவது இயல்பு. நல்ல மருத்துவர் கிடைத்தாலே தெருவெல்லாம் சொல்கிறோம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், அம்புக்குறி போட்டு இடையில் செருகியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: "என் அப்பா 2019-இல் இதெல்லாம் தெரியாமலேயே போய்விட்டார்." ஒன்பது பக்கங்களில் அப்பாவைப் பற்றி வேறு ஒரு சொல்லும் இல்லை.

தமிழில் வைராக்கியம் என்ற சொல் வேடிக்கையானது. வேதாந்த நூல்களில் அதற்குப் பற்றில்லாமை என்று பொருள். நம் வீடுகளில் பிடிவாதம் கலந்த உறுதியை அப்படிச் சொல்கிறோம். உங்கள் தமிழ் வேதாகமத்தில் அது கடவுளுக்காகப் பற்றி எரிகிற ஆர்வம். இவை போக, மயான வைராக்கியம் என்று ஒன்றும் பேச்சில் உண்டு. சுடுகாட்டில் நிற்கும்போது வாழ்க்கையையே மாற்றிவிடப் போவதாகத் தோன்றும், வீட்டுக்கு வந்து குளித்தால் தணிந்துவிடும். உங்களுக்கு அது தணியவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் கட்டிலருகே சொல்ல முடியாமல் போனதைத்தான் தோழியின் அப்பாவிடம் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பார்த்தீர்கள். அவசரம் உங்களுடையது. படுக்கையில் கிடந்தது வேறொருவரின் அப்பா.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துக்கம் இப்படித்தான் வேறு கதவு வழியாக வரும். ஆனால் இது தெரியாமல் நீங்கள் எந்த ஊழியத்துக்குப் போனாலும் எதிரே இருப்பவரின் முகம் உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை "ஆவியானவர் அவரை உணர்த்தினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முகத்தில் ஆக்சிஜன் கவசம், கையில் ஊசி, அறையில் மகள் இல்லை. "வேண்டாம் அம்மா" என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி சுவர்ப் பக்கம் திரும்புவதுதான்.

நம்பிக்கையைப் பகிர்வது எப்போது அன்பு, எப்போது அத்துமீறல் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இது: எதிரே இருப்பவரால் எழுந்து போக முடியுமா? ரயிலில் நீங்கள் நீட்டும் தாளை ஒரு பெண் வாங்காமல் ஜன்னல் பக்கம் பார்க்கலாம். அதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. நோயாளியால் எழுந்து போக முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளையால் டியூஷன் அக்காவிடம் "ஜெபம் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர், ஆண்டு மதிப்பீடு உங்கள் கையில் இருக்கும்போது, கைப்பிரதியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்.

உங்கள் அம்மா எழுந்து போய்விட்டார். எழுபது வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பதில் அதுதான்.

சட்டம் தருவதும் தராததும்

நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் செய்தியில் பாதிதான் சரி. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, மதத்தை வெளிப்படையாக ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. அதே பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை எல்லோருக்கும் சமமாகத் தருகிறது. அந்த "எல்லோரில்" உங்கள் தோழியின் அப்பாவும் சேர்த்தி. 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒருவர் தம் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லலாம். இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்றது. அந்தத் தீர்ப்பை விமர்சிப்பவர்கள் உண்டு. ஆனாலும் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது அதுதான்.

மறுபக்கம், சபையில் சிலர் பயப்படுவதுபோல, பேசினாலே சிறை என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அங்கே உறவினர் வீட்டுக்குப் போகும்போது நினைவில் வையுங்கள். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 302-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட நோக்கத்தோடு பேசுவதையும் சைகை செய்வதையும் குற்றமாக்குகிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இருந்ததாக உங்கள் தோழியே சொல்லவில்லை. அவர் காவல் நிலையத்துக்குப் போகவில்லை, அலுவலகத்துக்குத்தான் எழுதினார். ஆறு வருட நட்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதற்கு அடையாளமாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசிடமிருந்து நம்மைக் காக்கின்றன. பணியிடத்தில் பிரசாரம் வேண்டாம் என்று ஒரு தனியார் நிறுவனம் விதி வைப்பதை 25-ஆம் பிரிவைக் காட்டி உடைப்பது கடினம். அந்த விதி சபரிமலைக்கு மாலை போட்டவருக்கும் பெரியார் புத்தகம் விற்பவருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்பது நியாயம், கேளுங்கள். உங்கள் கழுத்துச் சங்கிலியில் சிலுவை இருப்பதையோ, சாப்பிடுமுன் கண்மூடி ஜெபிப்பதையோ காரணமாக்கி யாராவது உங்களைத் தண்டித்தால் நிலைமை வேறு. அன்றைக்கு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆடி மாதம் முழுவதும் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறுகிறதே, அதை யார் கேட்டார்கள் என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதுதான், எங்கள் தெருவிலும் அலறுகிறது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கு 2000-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர்களின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தும். ஆனால் அடுத்த தெருவின் கூம்பு ஒலிபெருக்கி உங்கள் நெற்றியில் கை வைக்கவில்லை.

இது பாடுகளா?

உங்கள் போதகர் சொல்லும் பகை உலகத்தில் உண்டு. விசுவாசத்துக்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீரோடு உங்கள் அலுவலகக் கடிதத்தைச் சேர்த்து வைப்பது அவர்களுக்கு அநியாயம்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவள். வீட்டில் கந்த சஷ்டி கவசம், பள்ளியில் வேதாகம வகுப்பு என்று வளர்ந்தேன். அந்த அறிமுகத்தில் சொல்கிறேன், தவறானால் மன்னியுங்கள். பேதுருவின் முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தில், எந்தக் காரணத்துக்காகப் பாடுபடக் கூடாது, அதாவது துன்பம் அனுபவிக்கக் கூடாது, என்று ஒரு பட்டியல் வருகிறது. கொலைபாதகன், திருடன், பொல்லாங்கு செய்தவன், அதற்கடுத்து "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்". கொலைகாரனோடு ஒரே வரிசையில் அவனையும் நிற்கவைத்த பேதுருவுக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. முதலில் அவர்கள் கேட்க வேண்டும். நீங்கள் எத்தனை பேரைக் கேட்கவிட்டீர்கள்?

சபையில் ஒவ்வொருவரும் ஆண்டு முடிவதற்குள் ஓர் ஆத்துமாவையாவது கொண்டுவர வேண்டும் என்று அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள் என்றும், உங்கள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருப்பது வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அட்டவணை பிடிக்கவில்லை. காப்பீட்டு முகவர்களுக்குத்தான் மாத இலக்கு வைப்பார்கள், அவர்களே இரவில் தூங்குவதில்லை. இதைப் போதகரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டால் நல்லது. "உனக்கு வைராக்கியம் குறைந்துவிட்டது" என்று பதில் வந்தால், நகரில் வேறு மூத்த ஊழியர்களும் இருக்கிறார்கள்.

இரத்தப்பழி

உங்களை உண்மையில் தூங்கவிடாதது இந்த மூன்றாவது கேள்விதான். எசேக்கியேல் தீர்க்கதரிசியைக் கடவுள் காவற்காரனாக வைக்கும் பகுதியிலிருந்து இது வருகிறது. எச்சரிக்காமல் விட்டால் அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன் என்ற அந்த வசனத்தைத்தான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். அதற்குச் சற்று முந்தைய வசனத்தை ஏனோ சொல்வதில்லை.

மூன்றாம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். எசேக்கியேல் கேபார் நதியோரம், சிறைப்பட்டு வந்த தம் சொந்த மக்களிடம் போகிறார். போனவுடன் பிரசங்கம் செய்யவில்லை. ஏழு நாள் அவர்கள் நடுவில் பிரமித்துப்போய்த் தங்கியிருக்கிறார். வசனம் சொல்லாமல், கை வைக்காமல், ஏழு நாள். அந்த ஏழு நாள் முடிந்த பிறகுதான் காவற்காரன் என்ற கட்டளையே வருகிறது. உங்களுக்கு அந்த அறையில் பத்து நிமிடம்தான் இருந்தது என்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய கால்மாட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உதடு காய்ந்திருந்தால் பஞ்சை நனைத்து வைக்கலாமா என்று செவிலியரைக் கேட்டிருக்கலாம். நீங்கள் நம்பும் கடவுளுக்கு மனத்துக்குள் ஜெபித்தாலும் கேட்கும் அல்லவா?

தமிழ்நாட்டில் இப்படி முதலில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். நீங்கள் எப்படி வழிபடுகிறீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. வந்த பதில்களில் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கடுமையாகச் சாடியவையும் உண்டு. அவரும் உடன் ஊழியர் கிரண்டலரும் அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார்கள், ஹாலே நகரில் அச்சிலும் வந்தன. மதம் மாற்றும் நோக்கத்தை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை, கைவிடவும் இல்லை. அவருடைய அணுகுமுறை முழுவதையும் நான் ஏற்பவளும் அல்ல. ஆனாலும் எதிர்த்தரப்பின் வசவைக்கூட மொழிபெயர்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது.

அப்பாவைப் பற்றி. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வயதும் அனுபவமும் உள்ள ஒரு மூத்த ஊழியரிடம் கேளுங்கள். ஒரே மூச்சில் பதில் சொல்பவராக இருந்தால் இன்னொருவரிடம் போங்கள். துக்கத்தைப் பேச ஓர் ஆலோசகரும் தேவைப்படலாம், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. இரவில் எழுந்து அப்பாவின் கடைசி நாட்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அது தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

நிறுவனத்துக்கு அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மகளின் அனுமதி கேட்காமல் அப்படி நடந்துகொண்டது தவறு, அதற்கு வருந்துகிறேன், பணியிடத்தில் இனிக் கைப்பிரதி கொடுக்கமாட்டேன் என்று எழுதினால் போதும். வசனம் வேண்டாம். துன்புறுத்தல் என்ற சொல் வேண்டவே வேண்டாம்.

டியூஷன் ஜெபத்தை நாளையே நிறுத்திவிடுங்கள், அல்லது ஒவ்வொரு பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில்கூடப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளை மத வழிபாட்டில் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டு டியூஷனுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் உங்கள் மகனை அனுப்பும் நீச்சல் வகுப்பில் ஆசிரியர் தம் குல தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

தோழியிடம் நேரில் போக வேண்டாம், இப்போது முகம் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருக்கும். கையால் எழுதிக் கொடுங்கள். "உன் அப்பா அறையில் நான் செய்தது தவறு. திருநீறு அழிந்தது தெரியாமல் நடந்தது என்றாலும், கை வைத்தது தெரிந்தே செய்ததுதான். மன்னித்துவிடு." இதற்குப் பிறகு "ஆனால்" என்று ஒரு வாக்கியம் எழுதக் கை துடிக்கும். பேனாவை மூடிவிடுங்கள். பதில் வராமலே போகலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அம்மா விஷயம்தான் இவற்றில் எளிது, நீங்கள் அதைத்தான் மிகக் கடினம் என்று நினைக்கிறீர்கள். அம்மன் படத்தை வணங்குவதும் வணங்காததும் உங்கள் விருப்பம். கோயிலிலிருந்து அவர் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலை உங்கள் மனச்சாட்சி ஏற்கவில்லை என்றால் "எனக்கு வேண்டாம் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று சொல்லலாம், முகத்தைச் சுளிக்காமல். ஆனால் அந்தப் படம் உங்கள் பொருள் அல்ல. கல்யாணமாகி வந்தபோது அம்மா கொண்டுவந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கென ஒரு மூலையும் ஒரு விளக்கும் வீட்டில் இருப்பதால் உங்கள் விசுவாசம் கரைந்துவிடும் என்றால், கவலைப்பட வேண்டியது படத்தைப் பற்றி அல்ல.

பரணிலிருந்து இறக்குங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் புரசைவாக்கத்தில் புதுச் சட்டம் போட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பினால், வில்லிவாக்கத்தில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் மாறி மாலைக்குள் குரோம்பேட்டை போய்விடலாம். அன்று ஒருநாள் கைப்பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தப் படம் பெரியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.